சூசைதாசன் பார்த்து வைத்த கரை

வாடிக்கு இடம் பார்க்கப் போகிறவன் வயிற்றால் பார்க்க வேண்டும் என்பது சூசைதாசனின் கட்சி. கண்ணால் பார்த்தால் எல்லாக் கரையும் நல்ல கரைதான். வெள்ளை மணல், தாழம்பற்றை, பின்னால் பாலையும் வீரையுமாகக் காடு. அந்த வடிவில் மயங்கி ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினால், ஐந்தாம் நாள் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். அதை அவன் கண்டவன்.

குருநகர்க் கரைவலைக்காரர் ஆண்டுதோறும் உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும் முன், குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் போவார்கள். புரட்டாதி வரைக்கும் அங்கேயே ஓலைக்கொட்டில் போட்டுத் தங்கி, வலை இழுத்து, மீனைக் கருவாடாக்கி வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். அந்தக் கொட்டில்கள் நிற்கிற இடத்துக்குத்தான் வாடி என்று பெயர். வலையும் வள்ளமும் சொந்தமாக உள்ளவனைச் சம்மாட்டி என்பார்கள். சூசைதாசன் அப்படியொரு சம்மாட்டி. ஒரு வலை, இரண்டு வள்ளம், அவற்றை நம்பிப் பதினொரு குடும்பம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு அவன் பிடித்த வாடி சுண்டிக்குளத்து முகத்துவாரத்துக்குத் தெற்கே இருந்தது. மீன் அள்ளுப்பட்டது. தண்ணீர் மட்டும் சரியில்லை. மணலில் தோண்டிய பூவலில் ஊறின தண்ணீர் முதல் நாள் இனித்தது, நான்காம் நாள் கயர்த்தது, அதற்குள் எல்லோரும் குடித்துவிட்டார்கள். வயிற்றோட்டத்தில் இரண்டு கிழவர்கள் போனார்கள். சூசைதாசனின் மகள் அற்புதராணியும் போனாள். ஆறு வயது. அவளை அந்தக் காட்டோரத்திலேயே குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த வருடம் அவன் எங்கும் போகவில்லை. பதினொரு குடும்பமும் ஊரை ஒட்டிய ஆழமற்ற களக்கடலில் இறால் தடவி அரை வயிற்றோடு காலத்தைப் போக்கின. முப்பத்தேழில், தவசுகாலம் பிறந்தபோது, மனைவி யோசப்பின்தான் கதையைத் தொடக்கினாள்.

“போகத்தான் வேணும். இந்த முறையும் இஞ்சை கிடந்தால் பசியிலை சாவம். ஆனால் நல்ல தண்ணி உள்ள இடமாப் பாருங்கோ. மீன் குறைஞ்சாலும் பறவாயில்லை.”

அவன் தன் மச்சான் அடைக்கலநாதனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். அடைக்கலநாதன், சூசைதாசனின் தங்கை மார்கிரட்டின் புருசன். ஒன்பது வருடமாகச் சூசைதாசனின் பெரிய வள்ளத்துக்குச் சுக்கான் பிடிப்பவன். பகிடிக்காரன், அவன் இல்லாத வாடியில் பின்னேரம் நகராது என்பார்கள்.

இரண்டு பேரும் பளை வரை வண்டியிலும் அதற்கப்பால் நடந்துமாகக் கரைக்குப் போய், இந்த முறை முகத்துவாரத்துக்கு வடக்கேயிருந்து அதை நோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். முதல் கண்ட இடத்தில் நிழல் இல்லை. இரண்டாவதில் ஆனை வந்துபோகிற தடம் காட்டிலிருந்து நேரே கடற்கரைக்கு இறங்கியது. மூன்றாவதில் ஆற்றுவெள்ளம் கொண்டுவந்த மரக்கட்டைகள் கடலடியில் கிடந்தன. வலை போட்டால் கந்தல்தான் மிஞ்சும். நாலாவது இடத்தில் சூசைதாசன் மணலில் குந்திவிட்டான். ஒரு பக்கம் ஆற்றுவாய், மறு பக்கம் கடலடிப் பாறையான கற்பார், நடுவில் ஒரு வலை வளைக்க அளந்து வைத்ததுபோல இடம். கயிற்றில் ஈயம் கட்டி இறக்கிப் பார்த்தான், அடியெல்லாம் சேறும் மணலும். கொட்டிலுக்குக் காற்று மறைவாக ஒரு மணல்மேடு. கருவாடு ஏற்ற வண்டி வரக்கூடிய காட்டுப்பாதை. மேட்டுக்குப் பின்னால் ஒரு நாவல் மரம். அதன் அடியில் நாலு முழம் தோண்டினான். தண்ணீர் ஊறியது.

அடைக்கலநாதன் ஒரு சிரங்கை அள்ளிக் குடித்தான். “கற்கண்டு, மச்சான். சிலுவையை நட்டிட்டு வா, வீட்டை போய்ச் சோறு தின்னுவம்.”

“மூண்டு நாள் குடிச்சுப் பாத்துத்தான்.”

“மூண்டு நாளோ? தவசுகாலத்துக்குச் சுவாமியார் கூட இப்பிடித் தண்ணியிலை கிடக்கச் சொல்லேல்லை.”

“நீ வேணுமெண்டால் போ.”

“போனால் உன்ரை தங்கச்சி என்னைத் திரத்தி விடுவாள். கிட, கிடக்கிறன்.”

மூன்று நாளும் இரண்டு பேரும் அந்த நாவலடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். கொண்டுபோன புழுக்கொடியல் பனங்கிழங்கைத் தின்று அந்தத் தண்ணீரை மட்டும் குடித்தார்கள். விடியும்போதெல்லாம் சூசைதாசன் கேட்பான், “வயிறு எப்பிடி?” மச்சான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மறுமொழி சொல்வான். மூன்றாம் நாள், “கல்லுக் கிடங்கு மாதிரி. இந்தத் தண்ணியைக் குடிச்சா உன்ரை மாமியார் கூட நூறு வரியம் இருப்பா, அதுதான் ஒரு பயம்,” என்றான். சூசைதாசன் இரண்டு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு சிலுவையை நட்டார்கள்.

அந்தக் கரையில் அப்படியொரு வழக்கம் இருந்தது. வாடிக்கு இடம் தெரிந்தெடுத்தவன் அங்கே ஒரு சிலுவை நடுவான். குருநகரானோ பாசையூரானோ மன்னாரானோ, நட்ட சிலுவையைக் கண்டால் அடுத்த கரையைப் பார்த்துப் போவான். அரசாங்கக் கச்சேரிக் கடுதாசிக்குக்கூட அந்த மதிப்பில்லை. பிடுங்குகிறவன் கை அழுகிப்போகும் என்பது பேச்சு. ஒருவரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. சூசைதாசன் பாலைக் கம்பில் ஆள் உயரத்துக்கு ஒரு சிலுவை செய்து கொண்டுபோயிருந்தான். அடைக்கலநாதன் அதை நேராகப் பிடிக்க, அவன் சுற்றிவர மண் போட்டு மிதித்தான்.

“நல்லா மிதி மச்சான்,” என்றான் அடைக்கலநாதன். “சோளகத்துக்கு ஆடக்கூடாது.”

குருநகருக்குத் திரும்பிப் பத்து நாள் இருக்கும். குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து, குருத்தோலையும் கையுமாகத் தங்கை வீட்டுப் பக்கம் போனவன் படலையில் வேப்பிலை செருகியிருக்கக் கண்டான். அம்மை கண்ட வீட்டுக்கு அதுதான் அடையாளம். உள்ளே ஒருவரும் போகமாட்டார்கள்.

“மார்கிரட்!”

கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து அவளுடைய குரல் வந்தது. “உள்ளுக்கை வராதையுங்கோ அண்ணை. இவருக்குக் கொப்புளிப்பான்.”

“எப்ப தொடக்கம்?”

“வெள்ளிக்கிழமை காய்ச்சல் காஞ்சது. இண்டைக்கு முகமெல்லாம் போட்டிட்டுது. கண் திறக்கேலாமல் கிடக்கிறார்.”

சூசைதாசனுக்கு உடனே பூவல்தான் நினைவுக்கு வந்தது. “அந்தத் தண்ணியாலையோ தெரியேல்லை, பிள்ளை?”

வேலிக்கு அப்பால் அவள் இலேசாகச் சிரித்தாள். “தண்ணியிலையிருந்து கொப்புளிப்பான் வருமே, அண்ணை? நீங்கள் உதையெல்லாம் யோசியாமல் போங்கோ.”

அவன் போனான், ஆனால் ஒவ்வொரு நாளும் வந்தான். காலையில் இரண்டு செவ்விளநீர், கிடுகு வேலிக்கு மேலால் நீட்டுவான், ஒரு கை அதை வாங்கும். “எப்பிடி இருக்கிறான்?” என்று கேட்பான். “நேற்றையிலும் பறவாயில்லை,” என்று குரல் வரும். வியாழக்கிழமை அவன் உரத்துக் கூப்பிட்டான்: “எடேய் மச்சான், முகத்தைச் சொறிஞ்சு போடாதை, பேந்து வள்ளத்திலை உன்னைப் பாத்து மீன் ஓடும்!” வீட்டுக்குள்ளிருந்து சத்தமில்லை. நித்திரை என்றாள் மார்கிரட்.

பெரிய வெள்ளி அன்று ஆண்டவருடைய சுரூபம் வைத்த ஆசந்தியைத் தூக்குகிறவர்களில் அடைக்கலநாதனும் ஒருவன். பரம்பரையாக வந்த உரிமை, விட்டுவிட முடியாது. மார்கிரட் வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டபடி, மச்சானுடைய தோளுக்குப் பதில் சூசைதாசன் தன் தோளைக் கொடுத்தான். கோயிலைச் சுற்றிவந்து முடியும்போது தோல் உரிந்திருந்தது. அந்தப் பாரத்தின் கீழ் அவன் செய்த ஒரே மன்றாட்டு, அடைக்கலநாதனுக்குக் கண் பழுதாகக் கூடாது என்பது.

அடுத்த நாள் அவனுடைய ஆட்களில் மூத்தவனான தேவராசா வந்து நின்றான். வாயாடி, ஆனால் யோசனைக்காரன்.

“சம்மாட்டி, இரண்டு பேரை முந்தி அனுப்பி வைப்பமே? இடத்திலை ஆள் நிண்டால் நல்லதெல்லே.”

“பெரிய கிழமையிலை ஆரடா தொழிலுக்கு வெளிக்கிடுவான்?”

“நாங்கள் வெளிக்கிட மாட்டம். எல்லாரும் எங்களை மாதிரியோ?”

“சிலுவை நிக்குது,” என்றான் சூசைதாசன். கதை அத்தோடு முடிந்தது.

திங்கட்கிழமை விடிய, ஆண்கள் வலையை ஏற்றிக்கொண்டு இரண்டு வள்ளத்திலும் பாய் எடுத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் சட்டிபானையோடு வண்டிகளில் வருவதாக ஏற்பாடு. மார்கிரட் கரைக்கு வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது, நோயாளியோடு கிடந்த களைப்பு என்று அவன் நினைத்தான்.

“தலைக்குத் தண்ணி வாத்தாச்சு அண்ணை. வெய்யில் படக்கூடாதெண்டு பரியாரி சொன்னவர். அதாலை வண்டிக்கை வருவார். நீங்கள் போங்கோ.”

“பெரிய வள்ளத்துக்கு நானே சுக்கான் பிடிக்கிறன் எண்டு சொல்லு. அவன்ரை இடத்தை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்.”

அவள் குனிந்து காலடி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காங்கேசன்துறையைச் சுற்றி, பருத்தித்துறையைத் தாண்டி, புதன்கிழமை மத்தியானம் அவர்கள் அந்தக் கரையைக் கண்டார்கள். முதலில் கண்டது புகையை. மணல்மேட்டுக்குப் பின்னால் மூன்று இடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. கிட்டப் போகப் போகக் கொட்டில்கள் தெரிந்தன. கரையில் புத்தம்புது வலையொன்று விரித்துக் கிடந்தது. யாரோ ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து வள்ளத்தின் அணியத்தைப் பிடித்தான்.

“வா மச்சான்,” என்றான் அடைக்கலநாதன்.

முகத்தில் ஒரு வடு இல்லை. நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் வழுவழுவென்று, பத்து நாள் வெயிலில் காய்ந்து மினுங்கியது. சூசைதாசன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இடம் பறிபோனது அவன் மண்டையில் ஏற இன்னும் நேரமிருந்தது; முதலில் ஏறியது வேலிக்கு மேலால் இளநீரை வாங்கிய அந்தக் கைதான்.

“எப்ப வந்தனீ?”

“குருத்து ஞாயிறுக்கு முதல்நாள் வெளிக்கிட்டனான். மார்கிரட்டை ஏசாதை. நான் சொல்லித்தான் செய்தவள்.”

சூசைதாசன் அவனைத் தள்ளிக்கொண்டு கரையேறி மேட்டைப் பார்த்து நடந்தான். ஆட்கள் பின்னால் வந்தார்கள். சிலுவை நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் சுண்ணாம்பு பூசி வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே கிடுகுக் கூரை, சுற்றிவர வெட்டுக்கடுதாசிப் பூ, அடியில் அந்தோனியார் படம், அதன் முன்னால் உருகிக் காய்ந்த மெழுகுதிரிகள். முன்னால் கிடந்த மணலில் முழந்தாள் பதிந்த தடங்கள் இன்னும் அழியவில்லை.

பின்னால் தேவராசா தலைத்துண்டை அவிழ்த்தான். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். தேவராசா முழந்தாளிட்டு நெற்றியில் சிலுவை வரைந்தான், மற்றவர்களும் முழந்தாளிட்டார்கள்.

“இது என்ரை சிலுவை,” என்றான் சூசைதாசன்.

“ஆர் இல்லையெண்டது?” அடைக்கலநாதன் ஈரச் சாரத்தோடு வந்து பக்கத்தில் நின்றான். “பிடுங்கேல்லை, அசைக்கேல்லை. பெரிய வெள்ளிக்கு இதிலைதான் சிலுவைப்பாதை செய்தம். என்னோடை வந்த மன்னார்ச் சனம் நேத்தி வைச்சிருக்குது. இப்ப இது கும்பிடுற சிலுவை, மச்சான். கும்பிடுற சிலுவைக்கு ஒருத்தன் சொந்தம் கொண்டாடலாமே? நீயே சொல்லு.”

சூசைதாசனின் வாய்வரைக்கும் வந்தது, இது வெறும் குறிக்கம்புதான் என்று. அதைச் சொல்லிவிட்டு, கூரையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். முழந்தாளிட்டுக் கிடக்கிற தன் ஆட்களின் முன்னால் அதை எப்படிச் செய்வது? அடைக்கலநாதன் இதையெல்லாம் யோசித்திருக்கிறான். மூன்று நாள் நாவலடியில் படுத்துக் கிடந்தபோதே யோசித்திருக்கிறான். நல்லா மிதி என்றானே.

“ஏன்ரா?”

“ஒன்பது வரியம் உன்ரை வள்ளத்துக்குச் சுக்கான் பிடிச்சனான். இவனுக்கும் ஒரு வலை வேணுமெண்டு உனக்கு ஒருநாளும் தோன்றேல்லை. பெரியகடைக் கருவாட்டு முதலாளி வலை தாறன் எண்டார், நல்ல இடம் பிடிச்சால்தான் எண்டார். எனக்குத் தெரிஞ்ச நல்ல இடம் இது ஒண்டுதான்.”

“என்னட்டைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டால் தந்திருப்பியே?”

சூசைதாசன் பார்வையைக் கடல் பக்கம் திருப்பினான். அடைக்கலநாதன் விடவில்லை.

“ஆக்கள் எனக்குக் காணாது. ஒன்பது பேரை வைச்சு இந்த வலையை இழுக்கேலாது. நீ ஆக்களோடை வருவாய் எண்டு தெரியும், அதுதான் நான் கவலைப்படேல்லை. எல்லாருக்கும் பங்கு உண்டு. பூவலை அகட்டிக் கட்டியிருக்கு. உன்ரை சனம் தாராளமாக் குடிக்கட்டும்.”

சூசைதாசன் திரும்பி வள்ளத்துக்கு நடந்தான். தேவராசாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, அன்று பொழுது சாயும்வரைக்கும் கரையோடு கரையாக வேறு இடம் தேடினான். வடக்கே நாலு இடத்தில் நாலு சிலுவை. ஒவ்வொன்றையும் கண்டதும் அவனே பாயைத் திருப்பச் சொன்னான். ஆற்றுவாய்க்குத் தெற்கே போய் ஆறு கிடங்கு தோண்டினான். ஆறிலும் உவர். கடைசியில் பழைய வாடிதான் மிச்சம். அங்கே சிலுவை இல்லை. அந்த இடத்தை எவரும் விரும்பவில்லை. பூவல் மண் சரிந்து கிடந்தது. தேவராசா அதைத் தோண்டி ஒரு சிரங்கை எடுத்து வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, “இனிக்குது,” என்றான்.

“அப்பவும் இனிச்சது,” என்றான் சூசைதாசன்.

இரவே நாவலடிக் கரைக்குத் திரும்பினார்கள். வியாழக்கிழமை வெயில் ஏற வண்டிகள் காட்டுப்பாதையால் அங்கே வந்து சேர்ந்தன. முதல் வண்டியிலிருந்து யோசப்பின் இறங்கினாள். பின்னால் மார்கிரட் இறங்கி, வண்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. சூசைதாசன் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை இரவு முழுக்க அடுக்கி வைத்திருந்தான். அவள் சொல்ல விடவில்லை.

“தெரியும். கொடிகாமம் தாண்டின பிறகு இவள் சொன்னவள். அந்த இடத்திலையே அறைஞ்சனான். வண்டிக்காரன்தான் பிடிச்சவன், இல்லாட்டிக் கொண்டிருப்பன்.”

“தெரிஞ்சும் ஏன் வந்தனீ? வண்டியைத் திருப்பியிருக்கலாமே?”

“திருப்பி எங்கை போறது? பதினொரு வீட்டுச் சாமானும் வண்டியிலை. பிள்ளையள் பசியிலை.” அவள் சுற்றிவரப் பார்த்தாள். “பூவல் எங்கை?”

அவன் நாவல் மரத்தைக் காட்டினான். அவள் போய் வாளியால் அள்ளி ஒரு வாய் குடித்தாள். உடனே விழுங்கவில்லை, வாயில் வைத்திருந்துவிட்டு விழுங்கினாள். பிறகு இன்னும் ஒரு வாய். மற்றப் பெண்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்து நின்றார்கள்.

“நல்ல தண்ணி,” என்றாள்.

“அது நான் கண்ட தண்ணி.” அவனுடைய குரல் அவனுக்கே சின்னப்பிள்ளையின் குரலாகக் கேட்டது. “அவன் கள்ளன். அவன்ரை வாடியிலை நாங்கள் இருக்கிறதே?”

“கள்ளன்தான். அவளும் கள்ளிதான். நான் செத்தாலும் அவளோடை முகம் பாத்துக் கதைக்க மாட்டன்.” யோசப்பின் வாளியை மற்றப் பெண்களிடம் கொடுத்தாள். “ஆனால் நான் இஞ்சைதான் இருக்கப் போறன்.”

“பழைய இடத்திலை மீன் கூட. நாலு முழத்துக்குக் கீழை தோண்டினால்—”

“அங்கை என்ரை பிள்ளையைத் தாட்டனான்,” என்றாள் யோசப்பின். “நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் வரமாட்டன். இதுகளையும் விடமாட்டன்.”

அவன் தன் ஆட்களைப் பார்த்தான். தேவராசா காற்றுத் திசை பார்க்கிறவன்போல வேறு பக்கம் முகத்தைத் திருப்பினான். மற்றவர்கள் ஏற்கெனவே சாமான்களை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன் மேலும் அவனால் குற்றம் சொல்ல முடியவில்லை. நல்ல தண்ணீர் உள்ள இடமாகப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் அவர்களைக் கூட்டிவந்தான். அந்த வாக்கு நிறைவேறியாகிவிட்டது. அவன்தான் மிச்சம்.

மார்கிரட் மெதுவாகக் கிட்ட வந்தாள். “அண்ணை, நீங்கள் என்னை ஒரு அடி எண்டாலும் அடியுங்கோ.”

அவன் அவளைத் தாண்டி நடந்து, தன் வலை கிடந்த வள்ளத்துக்குப் போனான். வலையை மடித்து, அதன்மேல் பாய்த்துணியைப் போட்டு, கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினான். முடிச்சு ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

வெள்ளி விடிய, அடைக்கலநாதனின் வலை முதல்தரம் கடலில் இறங்கியது. வள்ளம் சுற்றிவளைத்து வந்து கரையில் முட்டியது. இரண்டு தலைக்கயிறும் மணலில் நீண்டு கிடந்தன. கயிற்றுக்கு அருகே ஆட்கள் கூடினார்கள், மன்னார்க்காரரும் குருநகர்க்காரரும். சூசைதாசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களிடையே வந்து நின்றான். ஆசந்தி தூக்கிய தோளில் காயம் இன்னும் ஆறவில்லை.

அடைக்கலநாதன் ஓடி வந்தான். “நீ ஏன் மச்சான் இதுக்கை? போய் நிழலிலை இரு. உனக்குரிய பங்கு உனக்கு வரும். ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“சம்மாட்டியார்,” என்றான் சூசைதாசன். குரல் உயரவில்லை. “எனக்கு எந்தப் பக்கக் கயிறெண்டு சொல்லுங்கோ.”

“என்ன விசர்க்கதை இது? எப்ப தொடக்கம் நீ என்னை நீங்கள் நாங்கள் எண்டு…”

“சொல்லுங்கோ சம்மாட்டியார். மீன் காத்துக்கொண்டு நிக்காது.”

அடைக்கலநாதன் கடலைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான். பகிடி ஒன்று வாய்க்கு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

“வடக்குக் கயிறு,” என்றான் கடைசியில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

சூசைதாசன் வடக்குக் கயிற்றின் கடைசி ஆளுக்கும் பின்னால் போய், புண்ணான தோளைக் கொடாமல் மற்றத் தோளைக் கொடுத்து, கயிற்றைப் பிடித்தான்.